காசித்தும்பை நோன்பு வைத்த வாரம்

பெருவெள்ளத்துக்கு முந்தைய ஆண்டு நோன்பு ஜூலையில் வந்தது. எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு. முழு நாள் நோன்பு வைக்க வீட்டில் அனுமதி கிடைத்த முதல் ஆண்டு அது. அதனால் ஆண்டைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை.

அத்தாவின், அதாவது அப்பாவின், தங்கை, எங்கள் மாமி, புகுந்த வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு சிட்லபாக்கத்துக்கு வந்து சேர்ந்ததும் அந்தக் கோடையில்தான். ஏன் வந்தார் என்று கேட்கக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் டீக்குச் சர்க்கரை போட்டுக்கொள்ள மாட்டார், பிடிக்காது என்பார். பாலும் அவருக்குச் சேராது. வீட்டில் ஓர் ஆள் கூடியும் சர்க்கரை டப்பா முன்பு போலவே மாதக் கடைசி வரை வந்தது. அம்மா அதை நோன்பு மாதத்தின் பரக்கத் என்றாள். எடுக்க எடுக்கக் குறையாமல் இறைவன் நிரப்பித் தருவதற்கு அப்படிப் பெயர்.

லாத்தா, அதாவது என் அக்கா, அப்போதுதான் பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவில் சேர்ந்திருந்தாள். அத்தாவுக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் பாத்திரக் கடை. பகலில் அம்மாவும் அங்கேதான் இருப்பாள். அவளை வணிகவியலுக்கு மாற்றினால் கடைக் கணக்கைப் பார்த்துக்கொள்வாள் என்பது அவர் எண்ணம். பிரிவு மாற மாதக் கடைசி வரை நேரம் இருந்தது. பள்ளிகளுக்கிடையே நடக்கும் கண்காட்சிக்குத் தேர்வானால் அறிவியலிலேயே இருக்கலாம் என்று ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அதற்காக லாத்தா எடுத்துக்கொண்டது, ஒரு செடி வேர் வழியாக எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளந்து காட்டும் சோதனை.

காசித்தும்பைச் செடி ஒன்றை வேர் அறாமல் பிடுங்கி, மண் போகக் கழுவி, ஒரு கண்ணாடி பாட்டிலில் நிறுத்தினாள். வேர் மூழ்கத் தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் மார்க்கரால் கறுப்புக் கோடு போட்டாள். தண்ணீர் தானாக ஆவியாகிவிடாமல் இருக்க மேலே ஒரு கரண்டி எண்ணெய். இனி மட்டம் இறங்கினால் அது வேர் உறிஞ்சியதாகத்தான் இருக்க வேண்டும். சரிபார்ப்பதற்குச் செடி இல்லாமல் இன்னொரு பாட்டில். இரண்டும் கூடத்து ஜன்னலில் வெயில் படும்படி நின்றன.

அன்று மாலை பள்ளியிலிருந்து வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். தண்ணீர் கோட்டில் இருந்தது. மறுநாளும் கோட்டிலேயே இருந்தது, அதற்கு அடுத்த நாளும். செடியோ வாடாமல் பூத்து நின்றது.

"அதுவும் நோன்பு போலருக்கு," என்றார் அத்தா, கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்காமல்.

"பரக்கத்துங்க, வேற என்ன," என்றாள் அம்மா.

"ரெண்டு பேரும் சும்மா இருக்கீங்களா? திங்கக்கிழமை மிஸ்கிட்ட நான் என்னத்தக் காட்டுறது?" என்று லாத்தா அழத் தொடங்கினாள். மாமி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் காலை வழிபாட்டு வரிசையில் நான் மயங்கி விழுந்ததால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடத்தில் படுத்திருந்தேன். லாத்தா வரும் நேரத்துக்குச் சற்று முன்பு மாமி ஜன்னலருகே வந்தார். கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துக் குனிந்து, டம்ளரிலிருந்து மெல்லத் தண்ணீர் விட்டார். அது எண்ணெயைத் துளைத்துக் கீழே இறங்கியது. கோட்டைத் தொட்டதும் நிறுத்தி, பாட்டிலின் வெளிப்புறத்தை முந்தானையால் துடைத்தார்.

நோன்பு திறந்ததும், பேரீச்சம்பழம் வாயில் இருக்கும்போதே, நான் இதை எல்லோருக்கும் சொன்னேன்.

லாத்தா மாமியைப் பார்த்தாள். "எவ்ளோ மாமி ஊத்துனீங்க?"

"நான் ஒண்ணும் எடுக்கலம்மா," என்றார் மாமி.

கேட்டது ஒன்று, பதில் வேறொன்று. எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

"நீ தினம் வந்ததும் கோட்டத்தானே பாக்குறே," என்றார் மாமி மறுபடியும். "பகல்ல வீட்ல இருக்கறது நான் ஒருத்திதான். குறைஞ்சிருந்தா..."

லாத்தா கத்தப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மாமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அது குறையணும் மாமி. குறைஞ்சாத்தான் செடி நல்லா இருக்குன்னு அர்த்தம். எவ்ளோ குறையுதுங்கறதுதான் என் பாடமே."

"குறைஞ்சா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்களா?"

"குறையலேன்னாத்தான் கேப்பாங்க."

மாமி ஜன்னல் பக்கம் திரும்பி அந்தப் பாட்டிலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாட்டிலை யாரும் தொடவில்லை. மாலையில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தது. இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியால் அளந்து, மறுபடி கோடு வரை ஊற்றினாள் லாத்தா. ஊற்றியதுதான் செடி குடித்த அளவு. இரவு முழுவதும் மட்டம் அநேகமாக அசையவில்லை. வெயில் வந்ததும் செடி மறுபடி குடிக்கத் தொடங்கியது. நாங்கள் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத நேரமாகப் பார்த்து அது குடித்தது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

லாத்தா கண்காட்சிக்குத் தேர்வானாள். "சரி போ, கடைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்," என்றார் அத்தா.

பெருநாள் முடிந்த மறு மாதம், தேதி இருபதைத் தாண்டுவதற்குள் சர்க்கரை டப்பாவின் அடி தெரிந்தது. நோன்போடு பரக்கத்தும் போய்விட்டதே என்று அம்மா டப்பாவைத் தட்டிப் பார்த்து வருந்தினாள். மாமி அப்போது அடுப்படியில் நின்று பால் விட்ட டீயில் இரண்டாவது கரண்டி சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார். அடுத்த நோன்பு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னேன்.