ஒற்றைக் கண்ணும் ஒரு மொட்டை வேண்டுதலும்

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் கண் வார்டும் காது வார்டும் எதிரெதிரே இருக்கின்றன. தினமும் காலையில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு வகுப்பு. அன்றைக்கு வீட்டுக்குப் போகிறவர்களையும் அவர்களுக்குத் துணையாக வந்தவர்களையும் உட்கார வைத்து, இனி என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லித் தருவது என் பொறுப்பு. முதலில் தெலுங்கில் சொல்வேன், பிறகு தமிழில். நான் நகரிக்காரி. எங்கள் ஊர் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய குரல் என்பதால் மைக் வேண்டியதில்லை. என் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவர் யாரும் தப்பு செய்யவே முடியாது என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

காதுக்காரர்களிடம், "காதுல எண்ண காச்சி ஊத்தாதீங்க, சாவி, ஊக்கு எதையும் உள்ள உட்டுக் கொடையாதீங்க" என்பேன். கண்காரர்களுக்கு ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவேன். தலைக்கு ஊற்றக் கூடாது. குனியக் கூடாது. கண்ணைத் தேய்க்கக் கூடாது. அடுப்புப் புகையிடம் போகக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. அதோடு விட மாட்டேன். "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க" என்று ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைப்பேன். சொல்லாதவர்களுக்கு டிஸ்சார்ஜ் சீட்டு என் கையிலிருந்து போகாது.

இந்தத் திமிரில் மண் விழுந்த நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது.

விஜயபுரம் பக்கத்திலிருந்து ஒரு வேர்க்கடலை விவசாயி வந்திருந்தார். அறுபது தாண்டியவர். வலது கண் எப்போதோ போய்விட்டது. இளம் வயதில் கரும்புத் தோகை கிழித்த கண்ணில், யாரோ சொன்னார்கள் என்று பச்சிலைச் சாறு பிழிந்து விட்டிருக்கிறார்கள். மிச்சம் இருந்தது இடது கண் ஒன்றுதான். அதிலும் புரை முற்றி, இரண்டு வருஷமாக வெளிச்சமும் நிழலும் தவிர வேறெதுவும் தெரியாது. மனைவி கையைப் பிடித்துக்கொண்டுதான் வார்டுக்குள் வந்தார். ஆபரேஷன் செய்ய வேண்டியது அந்த ஒரே கண்ணில். கெட்டால் மாற்றுக்கு வேறு கண் இல்லை. தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது டாக்டர்கூட அன்றைக்கு வழக்கமாக அடிக்கும் ஜோக்கை அடிக்கவில்லை.

மறுநாள் காலையில் கட்டுப் பிரித்தது நான்தான். ஈரப் பஞ்சால் இமையைத் துடைத்து, "மெதுவா தொற நைனா" என்றேன். திறந்தார். என் விரல்களைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏண்டி, நீ எப்ப கெழவியான?"

"நீ பாக்காதப்போ தான்யா" என்றாள் அந்த அம்மா. வார்டே சிரித்தது. இத்தனை வருஷ வேலையில் நூற்றுக்கணக்கான கட்டுகளைப் பிரித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கட்டுத்துணியைக் குப்பையில் போட மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

வகுப்பில் அவர்தான் முதல் மாணவர். ஐந்து விரலையும் மடக்கி மடக்கி ஐந்தையும் ஒப்பித்தார். அந்த அம்மா அவருக்கு மேல். சோப்புப் போட்டுக் கை கழுவி, கீழ் இமையை இழுத்து, பாட்டில் முனை எதிலும் படாமல் ஒரே ஒரு சொட்டு விட்டுக் காட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, மருந்துப் பையைக் கையில் கொடுத்து, லிஃப்ட் வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்து அந்தக் கட்டிலின் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். காது வார்டில் இடமில்லாமல் பக்கத்துக் கட்டிலில் போட்டிருந்த, காது ஆபரேஷன் செய்துகொண்ட புத்தூர்க்காரப் பெண், தலையைச் சுற்றிக் கட்டுடன் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். சும்மா இருக்க மாட்டாமல், "இந்நேரம் புத்தூர் தாண்டியிருப்பாங்க" என்றேன்.

"எங்க புத்தூரு? மலைக்குல்ல போய்க்கினு கீறாங்க. கண்ணு தெரிஞ்சா மொட்டை போடறேன்னு அவுருக்கு மொக்கு."

எங்கள் பக்கத்தில் வேண்டுதலை மொக்கு என்போம். நாற்பது வருஷமாக இந்தச் சீமையில் மொட்டைத் தலைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். மொட்டை போடுவது எப்படி என்று எனக்குத் தெரியாதா? தலையைக் குனியச் சொல்வார்கள். சொம்பால் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பார்கள். மழித்த மயிர் முகமெல்லாம் விழும். பிறகு குளியல். பிறகு தலை நிறையச் சந்தனம், வெயில் பட்டதும் வியர்வையோடு கண்ணுக்குள் வழியும். என் ஐந்து விரலில் மூன்றை ஒரே இடத்தில் மீறுகிற காரியம். நேற்றுத்தான் கத்தி பட்ட கண். அவருக்கு இருப்பதே அது ஒன்றுதான்.

ஃபைலில் இருந்த போன் நம்பரை அடித்தேன். கட்டிலோரப் பெட்டிக்குள் மணி அடித்தது. போனை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! அதைக் கையில் பிடித்துக்கொண்டே இன்சார்ஜ் சிஸ்டரிடம் ஓடி விஷயத்தைச் சொன்னேன். பாதி கேட்கும்போதே, "வெள்ளு, வெள்ளு" என்று வாசலைக் காட்டினார். போ என்று சொன்னதும் நான் வாசலில் இருந்தேன்.

யூனிஃபார்மோடு மலை பஸ்ஸில் ஏறினேன். மலையடிவாரத்தில், அலிபிரியில் எல்லாரையும் இறக்கிப் பையைச் சோதித்தபோது, "ஏம்மா, மலையில யாருக்கு ஊசி?" என்று ஒருவர் கேட்டார். பதற்றத்தில் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். திரும்ப ஏறுவதற்குள் பஸ் முழுக்கப் பரவிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் ஆளுக்கொரு யோசனை. ஒருவர் டிரைவரிடம் வேகமாகப் போகச் சொல்ல, இன்னொருவர் "நிதானமா போப்பா, நாங்களும் கீறோம்" என்றார். நான் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தேன். உட்கார்ந்தால் பஸ் மெதுவாகப் போகும் என்பது போல இருந்தது எனக்கு.

முடி இறக்கும் மண்டபத்தில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினேன். தரையெல்லாம் ஈரம், ஈரமெல்லாம் முடி. வரிசை வரிசையாக ஆட்கள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி எங்கே, கறுப்புக் கண்ணாடி எங்கே என்று தேடினேன். ஒருவருக்கும் இல்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சிஸ்டரம்மா! நல்ல வேளைக்கு வந்தீங்க. சொட்டு மருந்து டைம் ஆச்சி. இங்கயே உட்டுடலாமா, கை கழுவ சோப்பு எங்க கெடைக்கும்?"

அந்த அம்மாதான். ஒரு கையில் மருந்துப் பை, மறு கையில் அவருடைய சட்டை, சட்டைப் பையில் கறுப்புக் கண்ணாடி. இரண்டடி தள்ளி அவர் சம்மணம் போட்டுக் குனிந்திருந்தார். நாவிதர் சொம்பைத் தூக்கிவிட்டார்.

"நீள்ளு பொய்யொத்து!" என்று தண்ணீர் ஊற்றாதே என்பதைத் தெலுங்கில் கத்தினேன். விசைத்தறிக் குரல் அன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டது. மண்டபத்தில் பத்துப் பதினைந்து சொம்புகள் ஒன்றாக நின்றன.

அவரை நிமிர்த்தி, கண்ணாடியை மாட்டிவிட்டேன். ஒரு சொட்டுக்கூட இன்னும் படவில்லை. பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. "காலையில அஞ்சையும் ஒப்பிச்சியே நைனா, தலைக்கு ஊத்தக் கூடாதுன்னு நீயே தான சொன்ன?"

"அதுக்குத் தான் மொட்டையே போட்டுக்கறேன்" என்றார் அமைதியாக. "முடி இருந்தா தான தலைக்கு ஊத்தணும்? இனி மூணு மாசத்துக்கு அந்தத் தொல்ல இல்ல."

என் வகுப்பை அவர் மறக்கவே இல்லை. அதற்குள் தன் வேண்டுதலையும் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறார். மலைக்குப் போவீர்களா என்று ஒரு வார்த்தை கேட்காதது என் தப்பு. திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்காதவளை என்ன சொல்வது?

ஒரு மாசம் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். எழுந்திருக்க மறுத்தார். "சாமி கண்ணு குடுத்துட்டாரு. நான் முடி குடுக்காம மலை எறங்குனா எடுத்துக்குவாரு."

"சாமி எடுத்துக்க மாட்டாரு நைனா, இந்தச் சொம்புத் தண்ணி எடுத்துக்கும்!"

மூன்று கத்தரி மட்டும் கொடுத்தால் போதுமே, நுனியில் மூன்று இடத்தில் வெட்டிக் காணிக்கை போடுவதும் வழக்கம்தானே என்றேன். அது பொம்பளைகள் கொடுப்பது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிடிவாதம் என்று நினைத்திருந்தேன், அது பயம். இரண்டு வருஷ இருட்டுக்குத் திரும்பப் போக அவருக்குப் பயம்.

அந்த அம்மா மருந்துப் பையை என் கையில் கொடுத்தாள். கொண்டையை அவிழ்த்தாள். நரைத்த முடிதான், ஆனாலும் இடுப்பு வரைக்கும் விழுந்தது.

"இந்தாய்யா, ரெண்டு வருசமா உனக்குக் கண்ணா இருந்தது யாரு? நான் தான? இன்னிக்கி தலையாவும் நானே இருக்கறேன். ஊட்டு மேல மொக்கு, ஊட்ல எந்தத் தலை குடுத்தா என்ன?"

நாவிதர் சொம்பைக் கீழே வைத்தார். "அம்மா சொன்னது நியாயம்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, பெண்களுக்கு மழிக்கும் பக்கத்தைக் கை காட்டினார்.

அவரும் நானும் தள்ளி நின்று பார்த்தோம். அவள் குனிந்தாள், சொம்புத் தண்ணீர் விழுந்தது, நரைமுடி கற்றை கற்றையாகத் தரையில் சரிந்தது. நேற்று வரை எதையும் பார்க்காத அந்தக் கண், அவ்வளவையும் பார்த்தது. திடீரென்று அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. கை கண்ணாடிக்குள் போனது.

"தேய்க்காதே!" என்று கத்தி அவர் கையைப் பிடித்தேன். சுத்தமான பஞ்சை எடுத்து, கண்ணில் படாமல் கன்னத்தை மட்டும் துடைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு பஞ்சால் என் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் என் வகுப்பில் ஐந்து விரலை விரிப்பதற்கு முன் ஒரு கேள்வி. "மலைக்குப் போறீங்களா? மொக்கு இருக்கா? யாருக்கு?" பாதிக்கு மேல் கைகள் எழுந்தன. அத்தனை நாளும் எத்தனை பேரை நான் லிஃப்ட் வரைக்கும் போய் மலைக்கு வழியனுப்பினேனோ, தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து இருவரும் செக்கப்புக்கு வந்தார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கான பலகையில், கோடுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று விரலால் காட்ட வேண்டும். அவர் கடைசி வரி வரைக்கும் ஒன்றுகூடத் தப்பாமல் காட்டினார். பார்வை நன்றாக இருக்கிறது என்று ஃபைலில் எழுதினேன்.

அதற்குள் அந்த அம்மா தலையில் போட்டிருந்த முந்தானை நழுவியது. அறுத்த வயல் போலச் சின்னச் சின்னதாக முடி எட்டிப் பார்த்தது. அவர் கிட்டே போய், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகப் பார்த்தார்.

"ஏண்டி, கருப்பா மொளைக்குது."

நானும் எட்டிப் பார்த்தேன். தும்பைப் பூவாய் வெளுத்திருந்தது, ஒரு முடிகூடக் கருப்பில்லை. ஃபைலில் எழுதியதை நான் அடிக்கவில்லை.