அண்ணன் என்ன விதைக்கிறார்?

குடவாசலுக்குப் பக்கத்தில் எனக்கு இருக்கும் நிலத்துக்குப் பாதை கிடையாது. ரோட்டை ஒட்டிய வயல் பெரியப்பா மகனுடையது. அறுவடை மிஷின் முதலில் அவர் வயலில் இறங்கி, அதை அறுத்த கையோடு என் வயலுக்கு வரவேண்டும். வாய்க்கால் என் பக்கம் இருப்பதால் அவருக்குத் தண்ணீர் என் வயல் வழியாகத்தான் போகும். ஆகவே இருவரும் ஒரே நெல் ரகத்தை ஒரே வாரத்தில் விதைக்கவேண்டும். பேசி முடிவுசெய்ய ஒரு நிமிஷம் போதும். ஆனால் நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

அவர் மகள் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் கொடுத்தனுப்பினார். சத்தியமாக எனக்குக் கோபமே வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். காபி, பலகாரம் என்று அடுப்படியில் நிற்கவேண்டாமே என்று நிம்மதியாகக்கூட இருந்தது. எதிர்வீட்டு அக்கா பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கூடப்பொறந்த தங்கச்சி மாதிரி நீ. உனக்கு நேர்ல வந்து வைக்கலையா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் இன்னும் சிலர் அதையே கேட்டார்கள். வீடு வந்து சேர்வதற்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்கு நான் போகவில்லை, கணவரையும் விடவில்லை. பாவம், பிரியாணி என்று கேள்விப்பட்டு ஆசையாக இருந்தார்.

இந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் விதைக்கடைக்குப் போனேன். "அண்ணன் என்ன ரகம் வாங்கினாங்க?" என்று போகிறபோக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். "அவங்களும் வந்தாங்க டீச்சர். நீங்க என்ன வாங்குனீங்கன்னு கேட்டுட்டு வெறுங்கையோட போயிட்டாங்க."

நானும் வெறுங்கையோடு திரும்பினேன். முதலில் அவர் இறங்கட்டுமே! பக்கத்து வயல்களில் நாற்றங்கால் பச்சைப்பசேலென்று நிற்க, எங்கள் இரண்டு வயல் மட்டும் சும்மா கிடந்தன. தள்ளிப்போகப்போக இளம் நாற்று ஐப்பசி மழையில் மூழ்கிவிடும், வருஷத்து விளைச்சல் போய்விடும் என்று தெரியும். தெரிந்தும் வீம்பு விடவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? நான் அறிவியல் டீச்சர், அண்ணன் விவசாயம் படித்தவர். படித்தவர்கள் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் ஏதோ விஷயம் இருக்கவேண்டும். டீக்கடையில் அந்த விஷயம் என்ன என்று கண்டுபிடித்தும் விட்டார்கள். அணையை மூடப்போகிறார்களாம். விதைவிட மிச்சம் இருந்தவர்கள் மூட்டையைப் பிரிக்காமல் வைத்துவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து எனக்கே சொன்னார். என்னைப் பார்த்துக் கிளம்பிய புரளி அது. ஆனாலும் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்று முழுக்கப் போனில் அணையின் நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் பைக் வந்து நின்றது. அண்ணன்.

"தண்ணி நிக்கப்போவுதாமே, உனக்கு யாரு சொன்னா?"

"எனக்கு யாரும் சொல்லலண்ணே. நீங்க விதைக்கலையேன்னு நின்னேன்."

"அட, நீ விதைக்கலையேன்னுல்ல நான் நின்னேன்!"

வாசலிலேயே நின்று சிரித்தோம். காபி ஆறுவதற்குள் ரகம் முடிவாகிவிட்டது. பிறகு டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "பத்திரிகைய நான்தான் எடுத்துக்கிட்டுக் கெளம்புனேன். நீ எம்மேல கோவமா இருக்கே, நான் வந்தா நீ மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசிடுவேன்னு சொன்னாங்க. அதான் குடுத்தனுப்புனேன்."

"யாருண்ணே சொன்னா?"

"எல்லாரும்தான்."

போனில் கல்யாணப் படங்களைக் காட்டினார். என் இடுப்பிலேயே வளர்ந்த பெண். அத்தை நிற்கவேண்டிய இடத்தில் எனக்குத் தெரியாத ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

பைக் தெருமுனையில் திரும்புவதற்குள் எதிர்வீட்டு அக்கா வந்துவிட்டார். "காரியம் ஆவணும்னுதானே வந்தாரு?"

அதானே, என்று எனக்குள் ஒன்று தலையைத் தூக்கியது. அக்கா அடுத்த வார்த்தையைத் தொடங்குவதற்குள் அண்ணன் மகளுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் "அத்தே!" என்று ஒரு குரல் கேட்டது. அதற்குப் பிறகு அக்கா சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.