படகு முடிச்சும் பிள்ளைக் கதிரையும்

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். அன்று காலை அது கொஞ்சம் கூடவே வந்தது.

யுத்தம் முடிந்து சில வருஷங்களில், மாம்புரியில் மீன் நன்றாகப் பட்ட ஒரு பருவத்தில், ஒரு பழைய கார் வாங்கினேன். மகளுக்கு மூன்று வயது. மனைவியின் தங்கை, என் மச்சி, புத்தளத்தில் ஆஸ்பத்திரித் தாதி. பிள்ளைகள் வார்ட்டில் வேலை. காரில் மகளை உட்கார வைக்க ஒரு பிள்ளைக் கதிரையை அவள்தான் தேடி வாங்கி வந்தாள்.

வண்ணாத்திவில்லில் மாமா வீடு கட்டிக் குடிபோனார். மச்சியோடு எல்லோரும் அங்கே புறப்பட்டோம். கதிரையைப் பின் சீட்டில் பொருத்தப் பார்த்தேன். காரின் பெல்ட்டோ இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. இந்த நாடாவை நம்பியா என் பிள்ளையை வைப்பேன்? படகு கட்டும் நைலோன் கயிற்றை எடுத்து, கதிரையைச் சீட்டோடு சுற்றி இறுக்கி, என் கையால் படகு முடிச்சும் போட்டேன்.

மச்சி வந்து குனிந்து பார்த்தாள்.

"இது என்ன மச்சான், தோணியா கட்டி வச்சிருக்கீங்க?"

"கச்சான் காத்துக்கே அவிழாத முடிச்சு இது. உங்கட நாடாவ விட இது பலம்."

"அவிழ்த்துப் போட்டுட்டு பெல்ட்டால கட்டுங்க. இல்லாட்டி நான் காருல ஏற மாட்டன். பிள்ளையையும் ஏத்த விடமாட்டன்."

"பொம்புளைக்கு முடிச்சப் பத்தி என்ன தெரியும்!" என்று கத்தினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவள் கத்தவில்லை. பெல்ட்டை என் கையில் தந்தாள். "மெல்ல இழுத்தா வரும். வெடுக்கெண்டு இழுத்துப் பாருங்க."

இழுத்தேன். பெல்ட் அப்படியே பிடித்துக்கொண்டது. ஒரு விரற்கடைகூட வரவில்லை.

"கயிறு நீளும் மச்சான். இது நீளாது. எங்கட வார்ட்டுல வந்து ஒரு நாள் நில்லுங்க, தெரியும்."

முணுமுணுத்தபடி முடிச்சை அவிழ்த்தேன். அவள் கதிரையில் முழங்காலை ஊன்றி அழுத்தி, பெல்ட்டைக் கோத்து இறுக்கினாள். பிறகு மகளை வைத்து, தோள் வார்களையும் மாட்டினாள். எனக்கோ ஆற்றாமை. அதே கயிற்றால், அதே முடிச்சால், மாமாவுக்குக் கொண்டுபோன கருவாட்டுப் பெட்டியைக் காரின் கூரையில் கட்டினேன். பார்க்கட்டும் என்றுதான் கட்டினேன்.

பாலாவிச் சந்திக்கு முன்னால், உப்பளத்தை ஒட்டிய வீதி. எங்கள் ஊர்க் கழுதைகளுக்கு வீதி யாருடையது என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. புதருக்குள்ளிருந்து ஒன்று நேரே வந்து நடுவீதியில் நின்றது. பிரேக்கை மிதித்தேன். "யா அல்லாஹ்!" என்று மனைவி அலறினாள்.

கார் நின்றது. தலைக்கு மேல் ஏதோ சறுக்கியது. கருவாட்டுப் பெட்டி பொனட்டில் மோதி, கழுதையின் காலடியில் விழுந்து சிதறியது. முடிச்சு அவிழ்ந்த கயிறு முன் கண்ணாடியில் தொங்கியது.

நான் திரும்பிப் பார்க்க அஞ்சினேன்.

"வாப்பா, கழுதை!" என்றாள் மகள். கதிரை அசையவில்லை. அவளும் அதில் வைத்தபடியே இருந்தாள். கழுதையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு மனைவி அழுதாள்.

நான் இறங்கிக் கருவாடு பொறுக்கினேன். பொறுக்கும் சாக்கில் குனிந்து நானும் அழுதேன். அந்தப் பெட்டியின் இடத்தில் என் பிள்ளை இருந்திருக்க வேண்டியவள். அல்ஹம்துலில்லாஹ், அன்று என் கோபத்துக்குப் பயப்படாத ஒருத்தியை அல்லாஹ் என் வீட்டுக்கு அனுப்பியிருந்தான்.

நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. கார்க் கதவைத் திறந்து, "மச்சி, பெல்ட்ட இன்னொருக்கா இழுத்துப் பாருங்க" என்றேன்.

"இறுக்கமாத்தான் இருக்கு மச்சான்."

"எனக்காக ஒருக்கா பாருங்க."

அவள் இழுத்துப் பார்த்தாள். அதன் பிறகுதான் காரை எடுத்தேன்.