சிப்பித் தூணும் ரிப்பன் தூணும்

எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கின் பிரெடெரிசியாவில், என் கால்கள் ஓரிடத்தில் தரிக்காத காலம். அறைத்தோழனின் கலியாணம். ஊரிலிருந்து வந்திறங்கிய மணப்பெண்ணுக்கு இங்கே எதுவும் பிடிக்கவில்லை; குளிரும் பிடிக்கவில்லை, பேக்கரிப் பாணும் பிடிக்கவில்லை.

"மணவறை மட்டும் வடிவா இருக்கவேணுமாம். வேறை ஒண்டும் கேக்கேல்லை மச்சான்," என்றான் தோழன்.

செய்து தருகிறேன் என்றேன். பிறகு நடந்தேன். துறைமுகம், கோட்டை மேடு, மறுபடி துறைமுகம். ஊரில் பார்த்த ஒரு மணவறைகூட முழுதாய் நினைவில் எழவில்லை.

பழைய சாமான் கடையில் அந்தத் தாள் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் எந்தக் காலத்திலோ செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த ஒரு வாசல் அலங்காரம். சுருண்டோடும் இலை, இலை முடிகிற இடத்தில் சிப்பி, அப்பால் ரிப்பன், பூக்கூடை. கோடு எங்கும் நிற்கவில்லை. அந்த அலைச்சல்தான் என்னைப் பிடித்தது.

தொழிற்சாலையில் கழித்த வெள்ளை ரெஜிபோம் நுரைப்பலகையில் பெரிதாய்க் கீறி வெட்டினேன். ஒரு தூண் முடிய அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு மற்றதை வெட்டினேன். அறையில் இரண்டையும் நிறுத்த இடமில்லை.

கலியாணக் காலை, பள்ளிக்கூட மண்டபத்தில்தான் அவை பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றில் சிப்பிகள். மற்றதில் சிப்பியே இல்லை, ரிப்பனும் பூக்கூடையும்.

"என்ன தம்பி, ரெண்டு கலியாணவீட்டிலை களவெடுத்துக்கொண்டு வந்தனியே?" மாப்பிள்ளையின் அக்கா.

"பிரெஞ்சுக்காரன்ரை வேலை அப்பிடித்தான் அக்கா."

"அப்ப அவனையே வந்து தாலி கட்டச்சொல்லு!"

தோழன் சிரிக்கவில்லை. நான் தாளை எடுத்து ஒரு பாதியைக் கையால் மூடினேன். மறுபாதியை மூடினேன். அப்போதுதான் விளங்கியது. ஒரே தாளில் பாதிக்கொன்றாய் இரண்டு மாதிரிகள். பிடித்த பாதியை எடுத்து, அதையே திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் செய்யவேண்டும். நான் இரண்டையும் வெட்டியிருந்தேன். ஜெர்மனியிலிருந்து வந்த ஐயர் ஓமகுண்டத்தை மூட்டத் தொடங்கியிருந்தார்.

கூறைச்சேலையோடு வாசலில் வந்து நின்ற மணப்பெண்ணிடம் தாளை நீட்டி நடந்ததைச் சொன்னேன். தாளைப் பார்த்தாள், தூண்களைப் பார்த்தாள்.

"தாலி கட்டுமட்டும் அவருக்கு வலப்பக்கம் இருப்பன். கட்டினாப்பிறகு இடப்பக்கம் மாறுவன். ரெண்டுக்குக் கீழையும் நான்தானே அண்ணை இருக்கப்போறன். விடுங்கோ."

தாலி ஏறியது. எழுந்து, சிப்பித் தூண் பக்கம் மாறி இருந்தாள். மேலே சிப்பியிலிருந்து ரெஜிபோம் மணிகள் அவள் தலையில் அட்சதையோடு உதிர்ந்தன. அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். தோழன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் மண்டபத்தின் பின்னால் நடந்துகொண்டிருந்தேன், அந்தச் சிப்பி இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று.