வினாகிரியில் கழுவிய பைகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கூலிக்கு உப்பு வாரிய இந்தக் கைகளால்தான் பாலாவியில் சொந்த உப்பளம் போட்டேன். உப்புத் தண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை என்று சொல்லித் திரிந்தேன்.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ரிஸ்னா வந்தாள். உப்பு எடுத்தபின் நாங்கள் திறந்துவிடும் கசப்புத் தண்ணீரில், பற்றரி செய்ய உதவும் அரிய உலோகம் கரைந்திருக்கிறதாம். அதைப் பிடித்துவைக்கும் தூள் நிரப்பிய சிறு பைகளைக் கழிவு வாய்க்காலில் கட்டினாள். இரண்டு மாதம் ஊறவேண்டும், மழைக்கு முன் எடுக்கவேண்டும்.

"கவனமாப் பாத்துக்கொள்ளுங்க ஹாஜியார்."

அவள் எடுக்க வருவதற்கு முதல்நாள் பார்த்தால், பைகளில் கறுப்பு அழுக்கு. என் உப்பளத்தில் அழுக்கா? பைகளை அவிழ்த்தெடுத்து, பித்தளைக்குச் செய்வதுபோல் புளித்த வினாகிரியில் ஊறவைத்து அலசி, அந்தத் தண்ணீரை மணலில் ஊற்றினேன்.

மறுநாள் பெருமையாக நீட்டினேன். "பாத்தியா மகள், புதுசு மாதிரி!"

பையை மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தாள். "என்னத்தில கழுவினீங்க?"

"நல்ல தேங்காய் வினாகிரி!"

"புளிப்புப் பட்டா உலோகம் கழன்று தண்ணிக்கு வந்திடும் ஹாஜியார். நானும் அமிலத்திலதான் கழுவ இருந்தேன். அந்தத் தண்ணி எங்க?"

மணலைக் காட்டினேன். அவள் வெறும் பைகளைப் பொறுக்கிக்கொண்டு போனாள். அந்தக் கிழமையே மழை இறங்கியது. இனி அடுத்த உப்புக் காலம்வரை அவள் காத்திருக்கவேண்டும்.

கழுவட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரிடமும் எதையும் கேட்காமல் முன்னுக்கு வந்தவன் என்றுதான் இத்தனை வருடமும் பெருமையடித்தேன். இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.