மாமியாரின் தொண்டையில் மாமனார்

இரண்டாவது உலகச் சண்டை முடிந்த மறுவருஷம், இலங்கையில் கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. எல்லாரையும் கேலி பேசும் என் வாய் ஒரு மத்தியானம் அடைத்துப்போனது.

வெளியே ஒரே பனிமூட்டம். சாப்பிட வீட்டுக்குள் நுழைந்தேன். "மாப்பிள்ளை, கால் கழுவிட்டு வாங்க" என்று அடுப்படியிலிருந்து மாமனார் கூப்பிட்டார். அவர் செத்து நாலு வருஷம்.

எட்டிப் பார்த்தேன். புகைக்குள் மாமியார் மட்டும்தான். சில மாதமாக அவர் குரல் கரகரத்ததும், மேலுதட்டில் மயிர் அரும்பியதும் தெரியும். வயசாகிறது என்று சிரித்துவிட்டிருந்தேன். இப்போது திரும்பிய முகத்தில் மாமனாரின் மீசை.

வருஷா வருஷம் திதியன்று அவருக்குச் சாராயமும் சுருட்டும் படைப்போம். அந்த வருஷம் அடைமழையில் விட்டுப்போனது. கேட்டு வாங்க வந்துவிட்டார் என்றே முடிவு கட்டினேன். ஓடிப்போய் இரண்டையும் வாங்கிவந்து, மாமியார் முன்னால் வைத்து, "மன்னிச்சிருங்க மாமா" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

"எனக்கு எதுக்குங்க சுருட்டு?" என்றது அதே குரல். அப்படியே பின்பக்கமாக ஊர்ந்து வெளியேறினேன்.

மறுநாள் பேயோட்டப் பூசாரியை அழைத்துவந்தேன். வயிற்றில் பிரம்பால் அடித்தால் இறங்கிவிடும் என்றார். மாமியார் என் மனைவியின் கையைப் பிடித்துத் தன் அடிவயிற்றில் வைத்தார்.

"தொட்டுப் பாருடி. உங்கப்பன் இம்புட்டுக் கெட்டியான ஆளா?"

மனைவியின் முகம் வெளிறியது. "கல்லு மாதிரி இருக்குங்க. இதுல அடிச்சா அம்மா செத்துரும். வண்டியக் கட்டுங்க."

பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் குரல் என் முதுகுக்குப் பின்னால் முனகியது. நான் திரும்பவே இல்லை.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். மாதவிலக்கு நின்று எத்தனை வருஷமென்று விசாரித்தார். சினைப்பையில் கட்டி இருக்கலாம், அபூர்வமாகச் சில கட்டிகள் பெண்ணுடம்பை ஆண்போல மாற்றுமாம், வெட்டிப் பார்த்தால்தான் தெரியும், பிழைப்பாரென்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

மயக்க மருந்து கொடுக்கக் கொண்டுபோகும்போது மாமியார் என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, எம்மகள கைவிட்றாதீங்க." மாமனார் சாகும்போது சொன்ன அதே வார்த்தை, அதே குரல்.

சிறு தேங்காயளவு மஞ்சள் கட்டி ஒன்றைக் கிண்ணத்தில் வைத்துக் காட்டினார்கள். மாமியார் பிழைத்தார். மீசை மெல்ல உதிர்ந்தது. குரல் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை.

இன்றைக்கும் அடுப்படியிலிருந்து அது கூப்பிட்டால் முதுகு சில்லிடுகிறது. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் அது கேட்கவில்லையென்றால், அப்போதுதான் நிஜமாகவே பயந்துபோய் அடுப்படிக்கு ஓடுகிறேன்.