வழக்கில் வாப்பாவின் பெயர்

சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சை முடிந்ததும் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் ஆறு மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் சத்தியப்பிரமாணம், கறுப்புக் கோட்டு எல்லாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் புத்தளம் நீதிமன்றத்தில் தெரிந்த யாராவது ஒருவரைப் பிடித்து, அவருடைய கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நடந்து அந்த ஆறு மாதத்தை முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த யோசனையே பிடிக்கவில்லை. காணிச் சண்டை, ஜீவனாம்சம், அடிதடி என்று காலம் கழிக்கவா இவ்வளவு படித்தேன் என்று ஒரு திமிர். கல்லூரியில் எனக்கு உயிரான பாடம் ஒப்பந்தச் சட்டம். கொழும்பில், கண்ணாடிக் கட்டடங்களில், கம்பனிகளுக்காக ஒப்பந்தம் எழுதும் பெரிய சட்ட நிறுவனங்களில்தான் பயிற்சி எடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றேன்.

பிடிவாதம் பிடிப்பது சுலபம். விண்ணப்பம் எழுதுவதுதான் கஷ்டம். கூடப் படித்தவர்கள் தங்கள் விண்ணப்பங்களில் படகோட்டம், விவாத மேடை, லண்டனில் கோடைகாலப் படிப்பு என்று எழுதினார்கள். எனக்குப் படகைத் தெரியும், ஆனால் அது அவர்கள் சொல்லும் படகில்லை. 'வாசிப்பு' என்று மட்டும் எழுதினேன். வீட்டில் கணினி இல்லாததால் புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு கொமினிகேஷன் கடையில் இருந்துதான் மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனால் கடைக்காரர் எனக்கு முன்னால் எட்டிப் பார்த்துவிடுவார். "தங்கச்சி, இதுவும் ரிக்ரெட்தான்" என்று, ஃபோட்டோகொப்பிக்கு நிற்கிற சனத்துக்கெல்லாம் கேட்கும்படி சொல்வார். அந்த மனிதரைப் பார்த்து நான் பல்லைக் கடிக்காத நாளில்லை.

எங்கள் வீடு கற்பிட்டிக் கரையில், கடலுக்குக் கிட்ட. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்கள் நாங்கள். நான் அப்போது உம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். மன்னாரில் வாப்பாவுக்குச் சொந்தமாக வலையும் வள்ளமும் இருந்தன. இங்கே வந்து அவர் ஊர்ச் சம்மாட்டியின் கரைவலையில் கூலிக்குக் கயிறு இழுத்தார். சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரர். வாப்பாவைவிட வயதில் குறைந்தவர், அதனால் அண்ணன் முறை வைத்து 'நானா' என்பார். நல்ல மனிதர். விடியற்காலை ஸுபஹ் தொழுகை முடிந்த கையோடு ஒழுங்கை வழியாக நடந்துவந்து ஒவ்வொரு வேலியிலும் நின்று ஆட்களைக் கூப்பிடுவார். எங்கள் வேலியில் நின்று, "மன்னார் நானா, வலை!" என்பார். வாப்பா இழுக்கும்போது இடுப்பில் மாட்டும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்படுவார். கடிதமோ கையெழுத்தோ கிடையாது. கூப்பிட்டால் வேலை உண்டு. "வெள்ளிக்குப் பிறகு வாங்க நானா" என்றால் வெள்ளிக்குப் பிறகு இடம் நிச்சயம். நான் கல்லூரியில் தலைகீழாக நின்று படித்த சட்டத்தை அந்தக் கரை ஒரு வரியில் நடத்திக்கொண்டிருந்தது.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் வாப்பா மன்னாருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எங்கள் வீடு இருந்த வளவில் காடு நின்றதாம். திரும்பிப் போகும் பேச்சு அதோடு முடிந்தது. கொஞ்ச காலத்தில் இங்கேயும் ஒரு பிரச்சினை முளைத்தது. ஹோட்டல் கட்ட வந்த ஒரு கம்பனி, கடற்கரைக்குப் போகும் பாதைக்குக் குறுக்கே முட்கம்பி அடித்தது. வலை வண்டி போகிற பாதை அதுதான். பள்ளிவாசலில் கூட்டம் போட்டு, வழக்குப் போடுவதென்று முடிவெடுத்தார்கள். சிலருடைய பெயரில் போட வேண்டும் என்று புத்தளத்துச் சட்டத்தரணி சொல்லியிருந்தார். யார் யார் என்று பேச்சு வந்தபோது சம்மாட்டி வாப்பாவின் தோளில் கை வைத்து, "இவரையும் போடுங்க, நம்மட ஆள்தானே" என்றிருக்கிறார்.

இருபது வருடமாக இந்த ஊரில் வாப்பா 'அகதி'யாக இருந்தார், பிறகு 'மன்னார் நானா'வாக இருந்தார். 'நம்மட ஆள்' என்று யாரும் சொன்னதில்லை. அன்று வீட்டுக்கு வந்து உம்மாவிடம் அதைச் சொன்னார். சோறு போடும்போது திரும்பவும் சொன்னார். பின்னேரம் நான் புத்தளத்திலிருந்து வந்தபோது எனக்கும் சொன்னார். "சரி வாப்பா, உங்களுக்குப் பட்டம் குடுத்திட்டாங்க" என்று கேலி செய்தேன். வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நிறுவனம் என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. கொமினிகேஷன் கடைக்காரர் தன் சொந்தத் தங்கச்சிக்குக் கிடைத்தது போல எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்தார். அன்று அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. விடியற்காலை பஸ்ஸில் ஏறி, உம்மா தேய்த்துத் தந்த அபாயாவைக் கசங்காமல் பிடித்துக்கொண்டே கொழும்பு போய்ச் சேர்ந்தேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பேசியவர் ஒரு பெண்மணி மட்டும்தான். நரைத்த தலை, மென்மையான குரல். நன்றாகத்தான் போனது. ஒப்பந்தச் சட்டத்தில் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலைக் கேட்டு மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் இறக்கை முளைத்தது. கடைசியாக, எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் இது என்று சொல்லிவிட்டுக் கேட்டார்: எங்கள் கட்சிக்காரர் யாருடனாவது உங்களுக்கோ குடும்பத்துக்கோ வழக்கு உண்டா? என் விலாசத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, உங்கள் ஊர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு கட்சிக்காரர் இருக்கிறார் என்று கம்பனியின் பெயரைச் சொன்னார். முட்கம்பிக்குப் பக்கத்தில் நட்ட பலகையில் இருந்த பெயர்.

பொய் சொல்லலாம் என்று தோன்றவே இல்லை. "ஓம். வழக்குப் போட்டவர்களில் என் தகப்பனும் ஒருவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். அந்த வழக்கு இருக்கும்வரை உங்களை எடுப்பது எங்களுக்குச் சிக்கல், அது இல்லாமல் போனால் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள் என்றார். தானே எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். அவ்வளவு மரியாதையாக ஒருவரை வெளியே அனுப்பலாம் என்பதை அன்றுதான் கண்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். உம்மா, "பொய்யா சொல்ற? நல்ல வேலை செஞ்ச மகள்" என்று என் தலையைத் தடவினார். வாப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசியில அந்த மனுசி என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"வழக்கு இல்லாமல் போனா தெரியப்படுத்தச் சொன்னா."

"அப்படியே சொன்னாவா?"

"ஓம் வாப்பா, அப்படியேதான்."

கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்ததால் அவர் ஏன் திரும்பத் திரும்பக் கேட்டார் என்று நான் யோசிக்கவில்லை.

ஒரு கிழமைக்குள் அது நடந்தது. வாப்பா வெள்ளைச் சேர்ட்டும் தொப்பியும் போட்டு, புத்தளத்தில் ஒரு அலுவல் என்று போனார். பின்னேரம் பாணும் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பும் வாங்கிக்கொண்டு வந்தார். மஸ்கட்டை என் கையில் தந்தார்.

"பேரை எடுத்திட்டன் மகள். இனி நீ போய்ச் சொல்லு."

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கத்தினேன். வாப்பாவிடம் அப்படி நான் கத்தியதே இல்லை. "யார் உங்களை எடுக்கச் சொன்னது? அது மரியாதைக்குச் சொன்ன கதை வாப்பா!"

வாப்பா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருக்கவில்லை, மெய்யான சந்தேகம்தான் இருந்தது. "மரியாதைக்கு யாராவது இல்லாததைச் சொல்லுவாங்களா?"

சட்டப்படி அது வாக்குறுதி இல்லை, வெறும் பேச்சு என்று எனக்குத் தெரியும். 'வெள்ளிக்குப் பிறகு வாங்க' என்றால் வெள்ளிக்குப் பிறகு வேலை கொடுக்கிற கரையில் வாழ்ந்த மனிதருக்கு அதை எந்த வாயால் சொல்வது? உம்மா மூலையில் நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மஸ்கட்டை யாரும் தொடவில்லை.

ஆனது ஆகிவிட்டது, வீணாய்ப் போகக்கூடாது என்று மறுநாள் அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நெடுநேரம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்துவிட்டு அந்தப் பெண்மணியிடம் கொடுத்தார்கள். அவருக்கு என்னை நினைவில்லை. ஊரின் பெயரைச் சொன்ன பிறகு, ஆ, ஓம் என்றார். இந்த முறைக்கு ஆட்களை எடுத்து முடித்துவிட்டோம், அடுத்த வருடம் விண்ணப்பியுங்கள், வாழ்த்துகள் என்றார். குரல் முன்பு போலவே மென்மையாக இருந்தது. வாப்பா வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் விடிய வாப்பா தொழுதுவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியடியில் கதிரையில் இருந்தார். ஒழுங்கையில் சம்மாட்டியின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டில் கூப்பிட்டார். எங்கள் வேலியைத் தாண்டி நடந்தார். அடுத்த வீட்டில் கூப்பிட்டார். சண்டையும் இல்லை, ஏச்சும் இல்லை. வாப்பா வெயில் ஏறும்வரை அப்படியே இருந்தார். கடையில் யாரோ, "வந்த ஆக்கள்தானே, அப்படித்தான் செய்வாங்க" என்றதை உம்மா கேட்டுவிட்டு வந்தார். அதை வாப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். எனக்கு அந்தக் கடையை உடைக்க வேண்டும் போல இருந்தது. உடைத்து என்ன? அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது என்பதுதான் என் கோபத்தைக் கூட்டியது. நம்பிப் பெயர் போட்ட மனிதர் சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிட்டார். மகளுக்காக என்று வாப்பா யாரிடமும் வாய் திறக்கவில்லை. நான் போய்ச் சொல்கிறேன் என்றபோது, "உன்ட பேரை இதில இழுக்காத மகள்" என்று தடுத்துவிட்டார்.

கடைசியில் நான் வேண்டாம் என்று மூக்கைச் சுளித்த புத்தளத்திலேயே பயிற்சிக்கு நின்றேன். இடம் தந்தவர் ஊர்க்காரர்களின் அந்தச் சட்டத்தரணியேதான். முதல் நாள், கோப்புகளைக் காட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்: "உங்கட வாப்பாவை நான் மறிச்சுப் பார்த்தன். கேக்கேல்ல. மகளுக்குக் கொழும்பில இடம் முடிவாயிட்டு எண்டு சொன்னார். சரியான சந்தோசம் அவருக்கு." நான் கழுவும் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வழக்கு சமரசமாக முடிந்தது. ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு ஒற்றையடிப் பாதை விட்டார்கள். வலை வண்டி இன்றும் சுற்றித்தான் போகிறது. வாப்பாவின் பெயர் இருந்திருந்தாலும் இவ்வளவுதான் கிடைத்திருக்கும் என்று எனக்குப் பயிற்சி தந்த சட்டத்தரணி சொன்னார். அதை நான் வாப்பாவிடம் சொன்னபோது, "அப்படியா" என்றார். அவர் அப்போது ஒரு கருவாட்டு வாடியில் கூலிக்கு மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் ஒவ்வொரு விடியலிலும், சம்மாட்டியின் குரல் ஒழுங்கையைத் தாண்டிப் போகும்வரை வேலியடிக் கதிரையை விட்டு எழும்பமாட்டார்.

நான் சத்தியப்பிரமாணம் செய்து வந்த அடுத்த கிழமை, ஸுபஹ் முடிந்த நேரம். நான் உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் வேலியடியில் அந்தக் குரல் நின்றது.

"மன்னார் நானா!"

கதிரை கீழே விழுகிற சத்தம் கேட்டது. யன்னலால் பார்த்தேன். வாப்பா அவசரமாக உள்ளே வந்து கதவுக்குப் பின்னால் தொங்கிய கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டியபடி படலைக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

சம்மாட்டி நல்ல சேர்ட் போட்டிருந்தார். கையில் ஒரு ஃபைல். வாப்பாவின் தோளில் கிடந்த கயிற்றைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் நிலத்தைப் பார்த்தார்.

"நானா... மகள் இருக்கிறாவா? நம்மட காணி உறுதிப் பத்திர விசயமா ஒரு கதை."

வாப்பா கயிற்றைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டினார். விழுந்த கதிரையை நிமிர்த்தி, சாரத்தின் நுனியால் மணலைத் துடைத்து, அவருக்குப் போட்டார்.

"ஓம், இருங்க, இருங்க" என்றார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "மகள், உன்னைக் கூப்பிட ஆள் வந்திருக்கு."